முளைக்காத இடத்தில் குச்சி நடுவது ஏன்

பண்ணையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பச்சையம்மா எழுதுவது.

என் வழியனுப்பு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். கேட்டது இரண்டு வார்த்தை, சொன்னதும் இரண்டு வார்த்தை என்று உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். முப்பத்திரண்டு வருஷமாக என்னைத் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை. நாலு பேருக்கு நடுவில் நான் வாய் திறந்ததே பெரிது என்று அவர்களுக்குத் தெரியும். முட்டி தேய்ந்துபோனதால் வயது வருவதற்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பேச வராதது எழுத வருகிறது. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அன்று சாப்பிடும்போது உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "யக்கா, நம்ம கொல்லையில செடி இல்லாத எடத்துல எல்லாம் ஏன் குச்சி நட்டு வெச்சிருக்காங்க? வெள்ளாமை பண்றவங்க பார்த்தா சிரிக்க மாட்டாங்களா?" இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் சொல்கிறேன் என்றேன். அதைச் சொல்ல வேண்டுமானால் அஞ்சலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் மேடம் என்று எழுந்து நிற்கிற, பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டிருக்கிற அதே அஞ்சலைதான். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்னைப் பத்தி நல்லதா எழுதாதக்கா. நடந்ததை எழுது" என்றாள்.

நான் தினக்கூலியாகத்தான் இங்கே வந்தேன். நிலக்கடலையில் கிராஸிங் வேலை. சாயங்காலம் மொட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் ஆண் பாகத்தை எடுத்துவிட்டு, மறுநாள் விடியலில் வேறு ரகத்துப் பூவின் மகரந்தத்தைத் தடவி, கணுவில் நூல் கட்ட வேண்டும். யார் தடவிய பூ என்று தெரிவதற்காக ஒவ்வொருத்திக்கும் ஒரு நிற நூல். எனக்குச் சிவப்பு. பத்துப் பெண்கள் இருந்தோம். பதினோராவதாக வந்தவள் அஞ்சலை. அப்போது எனக்கு இருபத்திரண்டு, அவளுக்குப் பதினெட்டு. பதினெட்டு வயதில் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கு எங்களோடு பூத் தடவுவாள். எட்டரைக்குக் கை கழுவிக்கொண்டு திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். வகுப்பில் அவளை "டீச்சர்" என்று கூப்பிடுவார்களாம். வயதில் பெரியவள் என்று கேலி.

ஏன் இவ்வளவு பின்தங்கினாய் என்று ஒரு நாள் கேட்டேன். அவள் அப்பா மேல்மலையனூர் பக்கம் குத்தகைக்கு எடுத்து நிலக்கடலை போட்டவர். அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஊரை விட்டார்கள். வளவனூர் பக்கம் கரும்பு வெட்டப் பாதி வருஷம், சூளையில் செங்கல் அறுக்கப் பாதி வருஷம். ஒரு கொல்லையில் வெட்டு முடிந்தால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடமும் அவளுக்கு முடிந்துவிடும். "ஆறு ஸ்கூல்லயும் முதல் பாடம்தான்க்கா படிச்சேன். எந்தப் புக்குலயும் முதல் பாடம் எனக்கு மனப்பாடம். கடைசிப் பாடம் எப்படி இருக்கும்னே தெரியாது" என்று சிரித்தாள். மூன்று வருஷம் அப்படிப் போயிருக்கிறது. கரும்புக் கொல்லைக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், அவள் வேலி ஓரம் நின்று கரும்பலகையைப் பார்ப்பதைக் கவனித்து, அவளை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டிருக்கிறார். "அவங்க மூஞ்சி ஞாபகம் இருக்கு. பேரு கேக்கத் தோணல" என்றாள்.

படிக்கிற பிள்ளை வேலையில் சுணங்குவாள் என்று நினைத்தோம். அவள் வேலையில் சுணங்கவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுவடையில் நூல் கட்டிய கணுவில் எத்தனை காய் பிடித்திருக்கிறது என்று எண்ணுவோம். அவள் அதை நிறம் நிறமாகப் பிரித்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் பெரிய ஆபீசரிடம் நேராகப் போய்விட்டாள்.

"சார், செவப்பு, மஞ்சள், ஊதா, மூணு நூலுலயும் காய் கம்மியா பிடிக்குது. மூணு பேருமே வெத்தலை போடுறவங்க. வெரல்ல சுண்ணாம்பு இருக்குது சார். அது பூவைச் சுடுதோ என்னமோ."

எங்களுக்கு வந்ததே கோபம். மஞ்சள் நூல்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி, நேத்து வந்தவ, எங்க கைய கணக்கு எடுக்குறியா? என் கை பட்ட பூவு கருகுமா? நான் இன்னா சூனியக்காரியா?" என்று கத்தினாள். நான் சிவப்பு. இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். ஆனால் அந்த ஆபீசர் சிரிக்கவில்லை. நாங்கள் மூவரும் அடுத்த போகத்தில் பத்து நாள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பூவைத் தொட வேண்டும் என்றார். அந்தப் பூக்களுக்குத் தனி நூல். அறுவடையில் எண்ணினோம். காய் கூடியிருந்தது. அன்றிலிருந்து பாத்தி ஓரத்தில் தண்ணீர்க் குடமும் சோப்பும் வைக்கிறோம். நீங்கள் தினமும் கழுவிக்கொண்டு போகிறீர்களே, அது அவள் பதினெட்டு வயதில் செய்த ஆராய்ச்சி. நான் வெற்றிலையை விட்டதும் அப்போதுதான்.

பிறகு அவள் விவசாயக் கல்லூரிக்குப் போனாள். மேலே மேலே படித்தாள். நான் நிரந்தரமானேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். பதின்மூன்று வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை, புதிதாக ஒரு சயின்டிஸ்ட் மேடம் வருகிறார் என்று எங்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். ஜீப்பில் இருந்து அஞ்சலை இறங்கினாள். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றேன்.

"இன்னாக்கா, சிலை மாதிரி நிக்கிற?"

"வணக்கம் மேடம்."

"மேடமா? முதல்ல கைய காட்டு. சுண்ணாம்பு இருக்கான்னு பார்ப்போம்."

மற்றவர்கள் முன்னால் நான் மேடம் என்று சொல்வதை விடவில்லை. அவள் அக்கா என்று சொல்வதை விடவில்லை.

அவள் எடுத்துக்கொண்ட வேலை, மழையில் முளைக்காத நிலக்கடலை. நம் பேச்சில் சொன்னால் மல்லாட்டை. நம் பக்கத்தில் அறுவடை சமயத்தில்தான் மழை பிடிக்கும். நாலு நாள் விடாமல் பெய்தால், முற்றிய காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பிடுங்கினால் வெள்ளை வெள்ளையாக முளை. அதை எண்ணெய்க்கும் கொடுக்க முடியாது, விதைக்கும் வைக்க முடியாது. அறுத்த பிறகு இரண்டு மூன்று வாரம் தூங்குகிற விதை கிடைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். வேறு எவ்வளவோ இருக்க இதை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

"நாங்க ஊரை விட்டதே அதனாலதான்க்கா. அந்த வருஷம் மொத்த மல்லாட்டையும் நெலத்துலயே முளைச்சுப் போச்சு. எங்கப்பா ஒரு செடியப் பிடுங்கிக் கையில வெச்சிக்கினு அப்படியே குந்தினு இருந்தாரு. நான் ஸ்கூல் பைய மாட்டிக்கினு எதிர்ல நிக்கிறேன். இன்னைக்கு ஸ்கூலு வேணாம்மான்னாரு. அப்புறம் ஸ்கூலே இல்ல."

இதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஏழு வருஷம் உழைத்தாள். கிராஸிங் பூராவும் என் கை. தூங்கும் ரகம் ஒன்று தேறி வந்தது. பார்க்கப் பழைய ரகம் மாதிரியே இருக்கும், ஆனால் மழைக்கு அசையாது. கடைசி டிரையல் வரைக்கும் வந்துவிட்டோம். அந்த வருஷம் அறுவடைக்கு வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். அவர்கள் சரி என்றால் ரகம் வெளியே போகும். இல்லை என்றால் ஏழு வருஷமும் பீரோவுக்குள் போகும்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஆடியில் விதைத்தோம். மூன்று பாத்தியில் அவளுடைய ரகம், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரகம். அஞ்சலை மூன்று வாரப் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள். விதைத்த ஐந்தாம் நாள் ஆடி அமாவாசை. காக்கா ஓட்ட என்னோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள். "யக்கா, மலையனூர் போயி அம்மனைப் பார்த்துட்டு ஜல்தியா வந்துடறோம்" என்று கெஞ்சினார்கள். அமாவாசை அன்று மேல்மலையனூர் போன பஸ் எங்கே ஜல்தியாகத் திரும்புகிறது? தெரிந்தேதான் போங்கடி என்றேன். மறுக்க எனக்கு வாய் வராது. அன்று ஊரெல்லாம் காக்காவைக் கூப்பிட்டுச் சோறு வைத்துக்கொண்டிருந்தது. நான் ஒருத்தி கல்லை எறிந்து விரட்டிக்கொண்டிருந்தேன். கிழக்குப் பக்கம் ஓடினால் மேற்குப் பக்கம் இறங்கும். சாயங்காலம் பார்த்தபோது மூன்று பாத்தியிலும் மேற்கு ஓரத்தைக் கிளறிப் போட்டிருந்தன.

மூன்று நாளில் மற்ற விதைகள் முளைத்து வெளியே வந்தபோது அந்த ஓரம் பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தது. பண்ணை மேலாளர் வரப்பில் நின்று பார்த்தார். "மேடம் வந்தா ரொம்ப சந்தோசப்படுவாங்க. கூலி வேலை பார்த்து வந்தவங்க டிரையல் இப்படித்தான் இருக்கும்னு நாலு பேரு பேசப் போறான், பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பேச்சு எனக்கு நெஞ்சில் தைத்தது. நம் ஊரில் முளைக்காத இடத்தில் மறுவிதை ஊன்றாத வீட்டைச் சோம்பேறி வீடு என்பார்கள். கையில் விதை இருந்து, காலடியில் சந்து இருந்தால், நம் விரல் தானாக மண்ணுக்குள் போகும். என் மடியில் பழைய ரகத்து விதை ஒரு பிடி மீதி இருந்தது. ஊன்றிவிட்டேன். வேறு ரகம் என்று தெரிந்தேதான் ஊன்றினேன். அஞ்சலை வந்ததும் சொல்லிவிடலாம், பூக்கும் முன்பு பிடுங்கிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் வந்தாள். வரப்பில் குதிக்காத குறை. "சூப்பரா வந்திருக்குக்கா! ஒரு சந்து இல்ல. ஓரத்துல மட்டும் ஏன் குட்டையா இருக்கு?"

சொல்ல வேண்டிய நிமிஷம் அதுதான். அவள் முகத்தைப் பார்த்தேன். "அங்க ஈரம் கம்மி மேடம்" என்றேன்.

பிள்ளைகளே, பொய் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாலு வார்த்தை போதும். அன்று சொல்லாததை மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம், ஒரு வாரம் கழித்து இன்னும் கஷ்டம். பூத்தது, காய்த்தது. நான் அந்த ஓரத்தைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டேன்.

ஐப்பசியில் ஐந்து நாள் மழை. அஞ்சலை ஜன்னலில் நின்று மழையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் ரகத்துக்கு அதுதானே பரீட்சை. ஆறாம் நாள் தூறலில் குழு வந்தது. தலைவர் நரைத்த மீசைக்காரர், பேச்சில் குத்தல் உள்ளவர். ஜீப் நின்றது மேற்குப் பக்கம். அவர் குனிந்து முதல் பாத்தியின் ஓரத்திலேயே கையை வைத்தார். பிடுங்கினார். ஒவ்வொரு காயிலும் முளை.

"இன்னாம்மா, தூங்குற ரகம்னு எழுதியிருக்கீங்க. இது எழுந்து காப்பி குடிச்சிட்டு உக்காந்திருக்குது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அடுத்தடுத்து நாலு செடி பிடுங்கினார். மூன்றில் முளை. அஞ்சலையின் முகத்தை நான் பார்த்தேன். ஒரு முளைத்த செடியைக் கையில் வாங்கிப் பார்த்தபடியே நின்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்று நினைத்துப் பாருங்கள். சொன்னால் என் வேலை போகலாம். அதைவிட, அஞ்சலை சொல்லிக்கொடுத்ததைத்தான் நான் சொல்கிறேன் என்று அவர்கள் நினைத்துவிட்டால் அவள் பேரும் சேர்ந்து கெடும். சொல்லாவிட்டால் ரகம் போச்சு. எனக்கோ ஆபீசர் முன்னால் குரலே வராது.

"ஐயா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

மேலாளர் திரும்பி, "நீ கூடையப் பிடி பச்சை, பெரியவங்க பேசறாங்க இல்ல?" என்றார்.

"அது மேடம் ரகம் இல்லீங்க. நான் ஊனுனது. சந்து விட்ட எடத்துல பழைய விதைய ஊனிட்டேன்."

அஞ்சலை என் பக்கம் திரும்பி, "எப்பக்கா?" என்றாள், மிக மெதுவாக.

"ஆடி அமாவாசை கழிச்சு."

மீசைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முளைச்சதப் பார்த்தப்புறம் இது என்னுது, அது என்னுதுன்னு யாரு வேணா சொல்லலாம். இன்னும் ரெண்டு பாத்தி பிடுங்காம இருக்குது. பிடுங்குறதுக்கு முன்னாடி சொல்லு. எது எது நீ ஊனுனது?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பண்ணையில் விதைப்பது கயிறு பிடித்து, நேர்கோட்டில். நான் ஊன்றியது கயிறு இல்லாமல், பயத்தில், அவசரத்தில். ஒரு விரல்கடையாவது கோட்டை விட்டு விலகியிருக்கும். வரிசையின் தலைப்பில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். விலகி நின்றது தெரிந்தது. இடுப்பில் எப்போதும் சிவப்பு நூல் இருக்கும். விலகிய செடிக்கெல்லாம் நூல் கட்டினேன். முடிச்சு தானாக விழுந்தது. மொத்தம் பதினொன்று. எழுந்து, "இவ்ளோதாங்க" என்றேன்.

இரண்டு பாத்தியையும் முழுதாகப் பிடுங்கினார்கள். நூல் கட்டிய பதினொன்றில் ஒன்பது முளைத்திருந்தன, இரண்டில் காய் இன்னும் முற்றவில்லை. நூல் இல்லாதவை எல்லாம் சுத்தமாக இருந்தன. ஒரே ஒரு செடியைத் தவிர. நூல் கட்டாத அந்த ஒன்றும் முளைத்திருந்தது.

அது நான் ஊன்றி மறந்ததா, இல்லை ரகத்தின் குறையா? எனக்குத் தெரியவில்லை. யாரும் பார்க்காத மாதிரி அதைக் குவியலில் போட்டுவிடலாம். மேலாளர் அப்படித்தான் கையை நீட்டினார். அஞ்சலை அதை வாங்கித் தனியாக வைத்து, நோட்டில் எழுதினாள். பிறகு மீசைக்காரரிடம் சொன்னாள்:

"சார், இந்த டிரையல் வேணாம். கழிச்சுடுங்க."

"பாத்தி மூணுல ரெண்டு உங்க பக்கம்தாம்மா பேசுது. ஒரு வருசம் போயிடுமே?"

"போவட்டும் சார். கை பட்டுடுச்சு. இதை வெச்சு நான் எதுவும் சொல்ல முடியாது."

நான் வாய் திறந்ததே அதைக் காப்பாற்றத்தான். அவளே தூக்கிப் போட்டுவிட்டாள். அழுதுவிட்டேன். மீசைக்காரர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "விதை இருக்கா?" என்றார். இருக்கிறது என்றாள். "அடுத்த வருசம் நானே வர்றேன். காக்கா ஓட்ட ஆள் வையுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எனக்கு மெமோ வந்தது. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அஞ்சலை பத்து நாள் என்னோடு வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். பதினோராம் நாள் பாத்தி ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ ஊனுனதுக்குக் கோவம் இல்லக்கா. நானா இருந்தாலும் ஊனியிருப்பேன். மூணு மாசம் என் மூஞ்சியப் பார்த்துக்கினு எப்படி இருந்த?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அடுத்த விதைப்பும் நீதான்" என்றாள்.

"வேணாம் மேடம். வேற யாருக்காவது குடுங்க."

"வேற யாருக்குக் குடுப்பேன்? எந்த எடத்துல தப்பு நடக்கும்னு உனக்குத்தான தெரியும்?"

அடுத்த ஆடியில் விதைத்தோம். அமாவாசைக்கு யாருக்கும் லீவு இல்லை என்று நானே சொன்னேன். என் வாயில் இருந்து வந்ததால் பெண்கள் அசந்துபோய் ஒத்துக்கொண்டார்கள். விதைப்பு முடிந்ததும் என் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வரப்பு ஏறினேன். அப்படியும் அணில் கொஞ்சம் தின்றது. முளைக்காத ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நட்டேன். இங்கே செடி இல்லை, இல்லை என்பது எங்களுக்குத் தெரியும், யாரும் நிரப்ப வேண்டாம் என்று அர்த்தம். மேலாளர், "இன்னா பச்சை, குச்சி வெள்ளாமையா? எவ்ளோ மூட்டை வரும்?" என்றார். சிரித்துக்கொண்டேன். பொக்கை தெரிந்தால் வெட்கம் ஒன்றும் இல்லை. நிரப்பியது தெரியாமல் போனால்தான் ஆபத்து. அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

ஆனால் அந்த வருஷம் ஐப்பசியில் மழையே இல்லை. வானம் பளிச்சென்று இருந்தது. மழை இல்லாமல் தூக்கத்தை எப்படிச் சோதிப்பது? அஞ்சலை மோட்டாரைப் போடச் சொன்னாள். அறுக்க வேண்டிய பயிருக்கு ஆறு நாள் ஸ்பிரிங்ளரில் தண்ணீர் விட்டோம். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் வேலி வரைக்கும் வந்து, "ஏம்மா, முத்துன மல்லாட்டைக்குத் தண்ணி விட்டுக்கினு இருக்கீங்களே, கவர்மெண்டு தண்ணின்னா புத்தி கூடவா போயிடும்?" என்று கத்தினார். அஞ்சலை அவருக்குக் கும்பிடு போட்டாள்.

மீசைக்காரர் சொன்னபடி வந்தார். இந்த முறை ஓரத்தில் ஆரம்பிக்கவில்லை, நடுவில் இறங்கினார். முதல் செடியைப் பிடுங்கும்போது அஞ்சலை என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நினைப்பெல்லாம் போன வருஷத்து அந்த ஒற்றைச் செடியில் இருந்தது, என் நினைப்பும் அதில்தான் இருந்தது.

சுத்தம். அடுத்ததும் சுத்தம். பக்கத்தில் பழைய ரகத்தைப் பிடுங்கினால் முளை நூல் நூலாகத் தொங்குகிறது. மறுபடி இவள் பாத்தி, சுத்தம். அவர் நிறுத்தவில்லை. மூன்று பாத்தியையும் கடைசிச் செடி வரைக்கும் பிடுங்கவைத்தார். மதியம் ஆகிவிட்டது. ஒரு முளை இல்லை. குச்சி நட்ட இடங்களைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நானே சொன்னேன். குரல் வந்தது. அவர் தன் ஃபைலில் எழுதிக்கொண்டு, "இதை எல்லா பண்ணையிலயும் வெக்கணும்" என்றார். பிறகு அஞ்சலையைப் பார்த்து, "தூங்குதும்மா. நல்லா தூங்குது" என்றார். பதினெட்டு வயதில் இருந்து அவளைத் தெரிந்த நான், அவள் சத்தம் போட்டு அழுது அன்றுதான் பார்த்தேன். கூடவே சிரித்தாள்.

ரகம் வெளியானது. விதை மெல்ல மெல்ல ஊர்களுக்குப் போனது. நான் பார்த்ததில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த விழாவோ பேப்பரில் வந்த படமோ இல்லை. போன வருஷம் கார்த்திகையில் நடந்தது.

அந்த ஐப்பசியில் விழுப்புரம் பக்கம் நல்ல மழை. மழை விட்டுப் பத்து நாள் இருக்கும், திருவாமாத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் வண்டியில் ஒரு பையை வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தார். அஞ்சலை மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் விதைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பையை மேஜையில் போட்டார்.

"இன்னா விதைங்க குடுத்தீங்க? அறுத்த கையோட இறவைக்கு ஊனுனேன். எட்டு நாளாச்சு, ஒண்ணு எழுந்திரிக்கல! பேஜாரா போச்சு எனக்கு!"

அஞ்சலை பேனாவைக் கீழே வைத்தாள். "மழை பெய்யறப்ப காய் நெலத்துலதான் இருந்துச்சா?"

"ஆறு நாளு தண்ணியில கெடந்துச்சும்மா."

"முளைச்சுதா?"

"அது எங்க முளைச்சுது? பக்கத்துக் கொல்லையில எல்லாம் முளை விட்டுப் பூராவும் போச்சு. நான் ஒருத்தன்தான் முழுசா வீட்டுக்குக் கொணாந்தேன். அது இல்லம்மா என் பிரச்சனை..."

"இருங்க இருங்க. இன்னொரு தடவ சொல்லுங்க. முழுசா வீட்டுக்கு வந்துடுச்சா?"

"அதான் சொல்றனே! முழுசா வந்துடுச்சு. இப்ப ஊனுனா முளைக்கலையேன்னுதான் கேக்கறேன்!"

அஞ்சலை சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நான் எரிஞ்சுக்கினு வந்திருக்கேன், இவங்க சிரிக்கிறாங்க. யாரு இவங்க?" என்றார்.

"அந்த மல்லாட்டைய உண்டாக்குனவங்களே இவங்கதாங்க. அது மூணு வாரம் தூங்கும். மண்ணுல ஈரம் காயாம பார்த்துக்கோங்க, தானா எழுந்துக்கும்" என்றேன். என் வாழ்நாளில் வெளி ஆளிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவர் அஞ்சலையை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப திட்ட வேண்டிய ஆளுகிட்டதான் கரெக்டா வந்திருக்கேன்."

அஞ்சலை எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "திட்டுங்க. நல்லா உக்காந்து திட்டுங்க. டீ சொல்றேன்."